எழுத்தை வரைந்து பழகுவது எப்படி?

கே: எழுத்துரு வடிவமைப்பு கற்க ஆசை. நேராகக் கணினியில் ஆரம்பிக்கலாமா? எந்த எழுத்து படிக்கச் சுலபம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? - வாசகி, கும்பகோணம்

ப: கையால்தான் ஆரம்பிக்க வேண்டும். கணினியில் ஒரு வளைவை நொடியில் இழுத்துவிடலாம், ஆனால் பேனா எங்கே திரும்புகிறது, கோடு எங்கே தடிக்கிறது என்று கைக்குப் பழகியிருந்தால்தான் அந்த வளைவு சரியா என்று கண்ணுக்குப் பிடிபடும். பட்டை நிப் பேனா, கட்டம் போட்ட நோட்டு, டிரேசிங் பேப்பர் போதும்.

முதலில் மூன்று சுழி ண-வையும் இரண்டு சுழி ன-வையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். இரண்டுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் ண-வின் சுழிகள் நெருங்கிப்போய், சின்ன அளவில் அச்சாகும்போது உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டு, எத்தனை சுழி என்றே தெரியாமல் போகும், மை பரவும் செய்தித்தாளில் கேட்கவே வேண்டாம். அதனால் ண அகலமாகவே இருக்கட்டும். வரையும்போது கறுப்பைவிட அந்த வெள்ளையைக் கவனியுங்கள், பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

அப்புறம் ர-வும் காலும். ர-வின் அடியில் இருக்கும் சாய்கோடு குட்டையாகிவிட்டால் 'மரம்' என்பது 'மாம்' ஆகிவிடும். புள்ளியும் அப்படித்தான்: பல், பல இரண்டையும் பிரிப்பது அது ஒன்றுதான், எனவே கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக, எழுத்தின் தலையில் ஒட்டாமல் வையுங்கள். இன்னொன்று, ஒரே தடிமனில் வரைந்தாலும் படுக்கைக் கோடு நிற்கும் கோட்டைவிடத் தடிமனாகத் தெரியும், ட, ப இரண்டின் அடிக்கோட்டையும் கொஞ்சம் மெலிதாக்கிப் பாருங்கள்.

தனி எழுத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். கொடி, கோடி, மரம், பல் என்று சொல்லாக எழுதி, போனில் படமெடுத்துச் சுருக்கி, வேறொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள், அவர் தடுமாறும் எழுத்தைத் திரும்ப வரையுங்கள். அழகு அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கே: பழைய புத்தகங்களில் லை, ணா எல்லாம் வேறு மாதிரி இருக்கிறதே, அதையும் பழக வேண்டுமா? - வாசகர், திருநெல்வேலி

ப: பழகுங்கள். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் கொண்டுவந்த மாற்றத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கிலும் எழுத்தின் தலைமேலேயே கொம்பு வளைந்திருக்கும், ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்து முடியும். பழைய கடைப் பலகை ஒன்றைப் படித்து அதே மாதிரி எழுத யாராவது கேட்டால், இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.