கூட்டம் வருகிறது, ரசிகர் சேரவில்லை: ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தேனியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறோம். சொந்தப் பாட்டு எட்டு இருக்கிறது, மீதி நேரத்துக்கு சினிமாப் பாட்டு. ஒன்றரை வருடத்தில் தேனி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர் பக்கம் இருபது மேடைக்கு மேல் ஏறிவிட்டோம். கூட்டம் நன்றாகக் கைதட்டுகிறது, ஆனால் எங்களுக்காக என்று அடுத்த முறை யாரும் வருவதில்லை. இப்போது ஒரு ஏஜென்ட், வருடத்துக்கு 40 ப்ரோகிராம் பிடித்துத் தருகிறேன், விளம்பரத்துக்கு ஒன்றரை லட்சம் டெபாசிட் கட்டுங்கள், 5 வருட ஒப்பந்தம், பாட்டு உரிமை என் பெயரில் என்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். அவர் இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லி நெருக்குவார் என்று தெரியும், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி காரணம்.

இருபத்திரண்டு வருடமாக மேடைக்குப் பின்னால்தான் நிற்கிறேன். முதலில் சவுண்ட் சர்வீஸ், அப்புறம் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு. இந்தத் தொழிலில் பணம் நிகழ்ச்சி வைக்கும் கமிட்டியிடமிருந்து புறப்பட்டு ஏஜென்ட் கை வழியாகக் கலைஞருக்கு வர வேண்டும். ஏஜென்ட் நடுவில் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். அது நியாயம்தான், அலைகிறார், கமிட்டிக்காரர்களிடம் உட்கார்ந்து பேசுகிறார், வசூல் பொறுப்பும் அவருடையது. ஆனால் கலைஞர் தன் கையிலிருந்து ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுகிறார் என்றால், அந்த ஏஜென்ட்டுக்கு உங்களை மேடையேற்றிச் சம்பாதிக்க வேண்டிய அவசியமே இல்லை. டெபாசிட் வாங்கிய அன்றே அவர் சம்பாதித்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்படித்தான் மாட்டியது. எட்டு மாதத்தில் மூன்றே ப்ரோகிராம், மூன்றும் கல்யாண ரிசப்ஷன். டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டதற்கு போஸ்டர் அடித்த பில்லை நீட்டினார்கள். அந்த போஸ்டரை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். குழுவின் பெயர் கீழ் மூலையில் பொடி எழுத்தில், நடுவில் கொட்டை எழுத்தில் ஏஜென்ட்டின் போன் நம்பர். அந்தப் பிள்ளைகளின் பாட்டு பிடித்துப்போய் யாராவது தேடினால் அழைப்பு யாருக்குப் போகும்? அவருக்கு. அவர் அன்றைக்கு யாரைக் குறைந்த விலைக்கு அனுப்ப முடியுமோ அவர்களை அனுப்புவார்.

உங்கள் பிரச்சினையும் இந்த போன் நம்பரில்தான் இருக்கிறது. இருபது மேடை ஏறியிருக்கிறீர்கள், ஒவ்வொரு மேடைக்கும் முந்நூறு பேர் என்று வைத்தாலும் ஆறாயிரம் பேர் உங்களைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உங்களால் நாளைக்கு ஒரு செய்தி அனுப்ப முடியும்? அவர்களுக்குப் பாட்டு பிடித்திருந்தது, வீட்டுக்குப் போனார்கள், உங்கள் பெயர் மறந்துபோனது, அவ்வளவுதான். 40 ப்ரோகிராம் கிடைத்தாலும் இதேதான் நடக்கும், இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கும்.

பேண்டுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்குங்கள், உங்கள் ஆறு பேரில் ஒருவர் பெயரில், ஏஜென்ட் பெயரிலோ சவுண்ட் அண்ணன் பெயரிலோ வேண்டாம். கியூஆர் கோடு ஒட்டுகிறோம் என்பீர்கள். இருட்டு மைதானத்தில் முப்பதடி தள்ளி நிற்கிறவர் போனில் அது பதியாது, பதிந்தாலும் திருவிழாக் கூட்டத்தில் நெட் கிடைக்காது. மிஸ்டு கால் மட்டும் எப்படியோ போய்விடும். மேடைக்குப் பின்னால் கட்டும் ஃப்ளெக்ஸில் பேண்ட் பெயரும் அந்த நம்பரும் மட்டும், கடைசி வரிசைக்குத் தெரிகிற அளவில். பாடகர் பாட்டுக்கு நடுவில் ஒருமுறை நம்பரை வாய்விட்டுச் சொல்லட்டும். மிஸ்டு கால் வந்தவர்களுக்கு மறுநாள் காலையிலேயே பாட்டு லிங்க்கை அனுப்பி, நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது முக்கியம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போகும், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். ஊருக்கு ஒரு பட்டியல் வையுங்கள். திண்டுக்கல்லில் நிகழ்ச்சி என்றால் திண்டுக்கல்காரர்களுக்கு மட்டும் செய்தி போகட்டும். எல்லாச் செய்தியையும் எல்லோருக்கும் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

சொந்தப் பாட்டை எந்த இடத்தில் வைக்கிறீர்கள்? பெரும்பாலான குழுக்கள் கடைசிக்குத் தள்ளுகின்றன. நம் ஊர் மேடை எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். ஏழு மணி என்று போட்டிருப்பார்கள், சிறப்பு விருந்தினர் எட்டரைக்கு வருவார், பொன்னாடை, நன்றியுரை எல்லாம் முடிந்து உங்கள் கைக்கு மைக் வரும்போது மணி ஒன்பதே கால். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் தடை விதிக்கின்றன. ஒன்பது ஐம்பதுக்கு ஒரு காவலர் சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில் வந்து நின்று வாட்சைத் தட்டிக் காட்டுவார், சவுண்ட் பையன் கை ஒலி அளவை மாற்றும் ஃபேடரை இறக்கத் தொடங்கும், உங்கள் சொந்தப் பாட்டு அத்தோடு போச்சு. அதனால் மூன்றாவது பாட்டாக வையுங்கள். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, கூட்டம் உட்காரும். மூன்றாவது உங்களுடையது. பாடுவதற்கு முன்னால் பேண்ட் பெயரைச் சொல்லி, இது நாங்களே எழுதியது என்று ஒரே வரி போதும். பாட்டு முடிந்த பிறகு சொன்னால் கைதட்டலில் அமுங்கிவிடும்.

அப்புறம், இருபது ஊரைக் குறைத்து மூன்று ஊராக்குங்கள். தேனியிலிருந்து திண்டுக்கல்லும் மதுரையும் வேனில் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம், இரவுத் தங்கல் செலவு கிடையாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதே ஊருக்குத் திரும்பிப் போங்கள். இரண்டாவது முறை வருகிற நாற்பது பேர்தான் ஆரம்பம். அவர்கள் மூன்றாவது முறை ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வருவார்கள். மார்கழியில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும், மேனேஜரிடம் பேசினால் சாப்பாட்டு ஹாலை மட்டும் குறைந்த வாடகைக்குத் தருவார்கள். 150 நாற்காலி, 100 ரூபாய் டிக்கெட். ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சி நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, அதனால் பில் புத்தகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த ஹாலில் முழுக்க உங்கள் பாட்டையே வாசிக்கலாம், யாரும் எழுந்து சினிமாப் பாட்டு கேட்க மாட்டார்கள்.

இனி பாட்டு உரிமை. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ப்ரோகிராம் பிடித்துக் கொடுப்பவருக்குப் பாட்டின் காப்புரிமை எதற்கு? அவர் செய்யும் வேலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா, அவர் அந்தப் பாட்டை ஒரு விநியோக நிறுவனம் மூலம் தன் பெயரில் யூடியூபில் பதிவு செய்வார், அப்புறம் நீங்கள் உங்கள் மேடை வீடியோவை ஏற்றினால் உங்கள் பாட்டுக்கு உங்கள் மேலேயே காப்புரிமைக் கோரிக்கை வரும். வருமானம் அவர் கணக்குக்குப் போகும். காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா முழுவதும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது செல்லாது. சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அதை நிலைநாட்ட வக்கீல், வாய்தா என்று எத்தனை வருடம் ஓடும் என்பதை யோசியுங்கள், கையெழுத்துப் போடாமல் இருப்பது அதைவிட எவ்வளவோ சுலபம்.

சினிமாப் பாட்டு வாசிப்பதற்கு லைசென்ஸ் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த ஏஜென்ட் அடுத்து அதைத்தான் எடுப்பார், அதனால் சொல்லிவிடுகிறேன். மேடையில் நேரடியாக வாசிக்கும் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமம் தருவது ஐபிஆர்எஸ் என்கிற சங்கம். அதை நிகழ்ச்சி நடத்துகிறவர்தான் எடுக்க வேண்டும், ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிவிடுங்கள். 'லைசென்ஸ் செலவு' என்று உங்களிடம் ரொக்கமாகக் கேட்டு, ரசீது தராமல் போகிற ஆளிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு, இதை எல்லோரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். உண்மையான மதச் சடங்கோடு சேர்ந்து பாடப்படும் பாட்டுக்கு உரிமம் தேவையில்லை என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய விருந்து, கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். 2023 ஜூலையில் மத்திய அரசும் ஒரு பொது அறிவிப்பில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ரிசப்ஷனில் வாசித்தால் யாரும் உங்களிடமோ மண்டபத்திடமோ லைசென்ஸ் கேட்க முடியாது. ஆனால் விலக்கு அந்த நிகழ்ச்சிக்குத்தான், மண்டபத்துக்குக் கிடையாது. அதே மண்டபத்தில் டிசம்பர் 31 இரவு டிக்கெட் போட்டுப் புத்தாண்டுக் கொண்டாட்டம் வைத்தால் உரிமம் வேண்டும். கோயில் திருவிழாவும் அப்படித்தான். சாமி புறப்பாட்டோடு, வழிபாட்டின் பகுதியாகக் கமிட்டி வைக்கிற கச்சேரி என்றால் விலக்கைக் கோரலாம். திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு அதே பொட்டலில் ஸ்பான்சர் பிடித்து, ஸ்டால் போட்டு, இரண்டு மணி நேரம் குத்துப்பாட்டு வாசித்துவிட்டு 'கோயில் விசேஷம்தான் சார்' என்று சொன்னால் செல்லாது. கோயில் பெயரைப் போஸ்டரில் போட்டால் போதும் என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். நிகழ்ச்சி எதன் பகுதியாக நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அனுமதி விஷயம் பெரிய தலைவலி. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி, சரி, யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்ன பேண்ட் 150 பேருக்கு வாசிக்க ஸ்டேஷனுக்கு நாலு தடவை நடந்து, ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்று கேட்டுக்கேட்டு, நிகழ்ச்சி அன்று மத்தியானம்தான் கையெழுத்து கிடைக்கிறது. இந்த இழுபறிதான் புரோக்கர்களை வாழவைக்கிறது. 'நான் பார்த்துக்கறேன், நீங்க வாசிச்சா போதும்' என்று ஒருவர் சொன்னதும் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள். ஒரு மாதிரி மனுவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதி, இடம், ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம், பொறுப்பாளர் போன் நம்பர். பத்து நாளுக்கு முன்பே கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். இரண்டு முறை செய்தால் பழகிவிடும்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: டெபாசிட் கிடையாது. ப்ரோகிராமுக்கு ப்ரோகிராம் கமிஷன், கமிட்டி கொடுக்கும் தொகை எவ்வளவு என்று எங்களுக்கும் தெரிய வேண்டும். தேதி உறுதியானதும் பாதிப் பணம், மேடையேறும் முன் மீதி. வரி பிடித்தால் அது எங்கள் பான் கணக்கில் ஏற வேண்டும். போஸ்டரில் எங்கள் நம்பர். பாட்டு உரிமை பேச்சே கிடையாது. ஒப்பந்தம் ஆறு மாதம், தேனி, திண்டுக்கல், மதுரை தவிர்த்த ஊர்களுக்கு மட்டும், ஏனென்றால் அந்த மூன்று ஊரும் எங்கள் சொந்த வேலை.

இதற்குச் சம்மதித்தால் அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடவே இல்லை என்றால் அந்த ஒன்றரை லட்சத்தில் வாசிப்பவர்களுக்கே சத்தம் கேட்க மேடையில் வைக்கும் நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு வாங்குங்கள், ரொம்ப நாளாக உங்கள் டிரம்மர் கேட்டுக்கொண்டிருப்பார்.