கார் மியூசியங்களை விட்டால் ஸ்டுட்கார்ட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

அலுவலக வேலையாக ஸ்டுட்கார்ட் போகிறேன், ஒரு சனி ஞாயிறு மட்டும் கையில் இருக்கிறது, பென்ஸ், போர்ஷே மியூசியங்களைத் தவிர அங்கே ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடம் அங்கே குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறையவே உண்டு. ஆனால் ரயில் நிலையத்தைச் சுற்றி மட்டும் நடந்தால் கண்ணில் படாது. மேலே ஏற வேண்டும்.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் தலைநகரமான இந்த ஊரின் நடுப்பகுதி பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலைச்சரிவு. உள்ளூர்க்காரர்களே அதைக் கொப்பரை என்றுதான் சொல்வார்கள். கோடையில் காற்று நுழையாமல் புழுங்கும்போது ஏன் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சரிவுகளில் முன்பு திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்துக்கு ஏறிப்போகக் கல்படிகள் கட்டினார்கள். தோட்டங்கள் வீடுகளாகிவிட்டன, படிகள் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் 400-க்கு மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள் இருக்கின்றன. ஷ்டெஃபெலே என்று கேளுங்கள், யாரும் வழி காட்டுவார்கள். மிச்சமிருக்கும் தோட்டங்களில் ஒன்று தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சரிவிலேயே இருக்கிறது.

முதல்முறை போகிறவர்கள் ஆய்கன்ஸ்பிளாட்ஸுக்கு ஏறும் படியில் தொடங்கலாம். மேலே கிரேக்கப் புராணக் கடல்தேவதை கலாத்தியாவின் சிலையோடு ஒரு நீரூற்று. சிலையில் துணி போதவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தபோது, "இன்னும் பேசினால் பின்புறம் உங்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிடுவேன்" என்று அந்தக் கால வூர்ட்டம்பெர்க் ராணி ஓல்கா மிரட்டினாராம். கதைதான், ஆனால் அந்த ஊருக்குப் பொருத்தமான கதை.

படி ஏற முடியாதவர்களுக்கு கீழே மரியன்பிளாட்ஸிலிருந்து மேலே டேகர்லோக் பகுதி வரை பல்சக்கர ரயில் இருக்கிறது. செல்லமாக 'சாக்கே'. 1884 முதல் ஓடுகிறது. சுற்றுலாக்காரர்களுக்கான பொம்மை ரயில் இல்லை. சாதாரண டிக்கெட்டில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போய்வருவது. முன்னால் சைக்கிள் ஏற்ற தனியாக ஒரு திறந்த வண்டி வேறு. ஏறும்போது இறங்கும் திசையைப் பார்த்து நில்லுங்கள், ஊர் முழுக்கத் தெரியும். அங்கிருந்து தொலைக்காட்சிக் கோபுரம் தூரமில்லை. முதலில் வெறும் இரும்புக் கம்பம் நடத்தான் திட்டம். ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட் என்ற பொறியாளர், கான்கிரீட்டில் கட்டி மேலே ஓர் உணவகமும் வைக்கலாமே என்றார். 1956-இல் திறந்தார்கள். 217 மீட்டர். உலகின் முதல் கான்கிரீட் தொலைக்காட்சிக் கோபுரம் இதுதான்.

என்னைக் கேட்டால், கோபுரத்தைவிட பிர்க்கன்கோப்ஃப் குன்று முக்கியம். இரண்டாம் உலகப்போரில் இடிந்த ஊரின் இடிபாடுகளை 1950-களில் கொண்டுபோய்க் கொட்டியதில் அந்தக் குன்று ஏறக்குறைய 40 மீட்டர் வளர்ந்தது. இப்போது 511 மீட்டர். உச்சியில் பழைய கட்டடங்களின் செதுக்கிய தூண் துண்டுகளும் ஜன்னல் வளைவுகளும் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் மேலேயே உட்கார்ந்து ஜனங்கள் சூரியாஸ்தமனம் பார்க்கிறார்கள். அனுமதிக் கட்டணம் கிடையாது.

கட்டடங்களில் விருப்பம் உண்டா? வைசன்ஹோஃப் குடியிருப்பு. 1927-இல் மீஸ் வான் டெர் ரோஹே தலைமையில் பல கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து கட்டிக் காட்டிய வீடுகள். தட்டைக் கூரையைப் பார்த்துவிட்டு, ஒட்டகங்களை ஒட்டி "அரபுக் கிராமம்" என்று கேலி அஞ்சலட்டை அடித்தார்கள். லெ கொர்பூசியே கட்டிய இரண்டு வீடுகள் 2016 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன; ஒன்றில் மியூசியம். மற்ற வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். வெள்ளைக் கனசதுர நகர நூலகத்தைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதுவும் மூடியிருக்கும், கடைகளும் மூடியிருக்கும்.

ஊர் மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணம் இருக்கும், காட்டிக்கொள்ள மாட்டார்கள். அடுக்குமாடியில் உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும்: கேர்வோக்கே. அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைப்பது உங்கள் பொறுப்பு. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிற வழக்கம். படி சுத்தமாக இருந்தாலும் கூட்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறமாதிரி கூட்ட வேண்டும். இப்படிப்பட்டவர்கள்தான் 2010-இல் தெருவில் இறங்கினார்கள். ரயில் நிலையத்தைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் ஸ்டுட்கார்ட் 21 திட்டத்தை எதிர்த்துத்தான். பூங்காவில் போலீஸ் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, மறு வருடம் மாநில ஆட்சியே மாறியது. திட்டம் மட்டும் நிற்கவில்லை. 2019-இல் திறப்பதாகச் சொன்னது தள்ளிக்கொண்டே போனது. ஆகவே ரயில் மாற நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: மௌல்டாஷென், மாவுக்குள் இறைச்சியும் கீரையும் வைத்து மடித்தது. நோன்பு நாளில் கடவுளுக்குத் தெரியாமல் இறைச்சி சாப்பிடத் துறவிகள் கண்டுபிடித்த வழி என்பார்கள். சைவமா? கேஸ்ஷ்பெட்ஸ்லே கேளுங்கள்; ஷ்பெட்ஸ்லே என்பது ஊர் நூடுல்ஸ், அதில் சீஸ் போட்டது இது. பருப்போடு வரும் ஷ்பெட்ஸ்லேயில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம், விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

அப்புறம், மியூசியம் ஒன்றுதான் முடியும் என்றால் பென்ஸ். லிஃப்டில் உச்சிக்குப் போய், 1886-ஆம் வருடக் காரில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. செப்டம்பர் கடைசியில் போகிறீர்களானால் அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்; கான்ஸ்டட் பகுதியில் நடக்கும் பெரிய பீர் திருவிழா நேரம், விலை எகிறிவிடும்.