மோசடி வெளியானால் எம்.டி. வாங்கிய பணம் என்ன ஆகும்?

கம்பெனி செக்ரட்டரி வேலையில் இருப்பவன் என்பதால் பங்கு வைத்திருக்கும் சென்னை நண்பர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கு என் பதில்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து: சார், மோசடி நடந்த கம்பெனியில் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) வாங்கிய போனஸைத் திரும்ப வாங்க வழி உண்டா?

உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 199-ஆம் பிரிவைப் பாருங்கள். மோசடியால் கணக்கைத் திருத்தி எழுத நேர்ந்தால், எம்.டி., சி.இ.ஓ. போன்றவர்கள் கூடுதலாக வாங்கியதைக் கம்பெனி வசூலிக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரையும் அது விடாது. ஆனால் கணக்கு திருத்தப்படாமல், லஞ்சம், உறவினருக்குச் சலுகை என்று தவறு வேறு வழியில் நடந்திருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அப்போது அவருடைய நியமன ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். பலர் அந்த ஒப்பந்தத்தைப் படிப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பெரம்பூரிலிருந்து, வங்கி ஊழியர்: கவுன்ட்டரில் பணம் குறைந்தால் கேஷியர் அன்றைக்கே கைக்காசைப் போட்டுக் கட்டுகிறார். மேலே இருப்பவர்களுக்கு அப்படி இல்லையே?

உங்கள் கோபம் நியாயமானது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகள் திறந்த விவகாரம் 2016-ல் வெடித்தபோது, சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலை இழந்திருந்தார்கள். அதன் பிறகுதான் தலைவர் ஜான் ஸ்டம்ப் 4.1 கோடி டாலர் மதிப்புள்ள, இன்னும் கைக்கு வராத பங்குகளை இழந்தார். 2017-ல் அவரிடமிருந்து மேலும் 2.8 கோடி டாலரை வங்கி பிடித்தது.

கைக்கு வராத பணத்தைப் பிடிப்பது சுலபம், வந்ததைத் திரும்ப வாங்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2020 ஏப்ரல் முதல் தனியார் வங்கித் தலைவர்களின் ஊக்கத்தொகையில் குறைந்தது 60 சதவீதத்தைத் தள்ளிவைத்து, மூன்று ஆண்டுகளாவது பிரித்துத் தரச் சொல்கிறது. எல்லாப் பெரிய கம்பெனிகளுக்கும் இது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேளச்சேரியிலிருந்து: சத்யம் வழக்கு எவ்வளவு காலம் ஓடியது?

ஹைதராபாத் ஐ.டி. கம்பெனியான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் மோசடி செய்ததை 2009 ஜனவரி 7-ல் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். தீர்ப்பு 2015 ஏப்ரலில்தான் வந்தது: ஏழு ஆண்டு சிறை.

தாம்பரத்திலிருந்து: ஐம்பது பங்கு வைத்திருக்கும் நான் என்ன செய்ய முடியும்?

ஓட்டுப் போடுங்கள் அம்மா. நம்ம ஊரில் புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனி ஐஷர், 2021 ஆகஸ்டில் எம்.டி.யின் மறுநியமனத்தையும் சம்பளத்தையும் ஒரே தீர்மானமாக வைத்தது. மோசடி எதுவும் இல்லை, சம்பளம்தான் உறுத்தியது. முக்கால் பங்கு ஓட்டு கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. பிறகு உச்சவரம்பைக் குறைத்துத்தான் நிறைவேற்ற முடிந்தது.

ஆண்டுக் கூட்ட அறிவிப்பு உங்கள் ஈமெயிலுக்கு வரும், அழித்துவிடாதீர்கள். உங்கள் பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கு வழியாகவே ஆன்லைனில் ஓட்டுப் போடலாம். குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். கூட்டத்தில் பேசவும் பெயர் கொடுங்கள். "தவறு நடந்தால் போனஸைத் திரும்ப வாங்கும் ஷரத்து எம்.டி. ஒப்பந்தத்தில் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.