22 எறிந்து 9 போட்ட சென்டரை நம்பலாமா?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் முதுகலை படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) 6 அடி 11 அங்குல உயரம். இந்தப் பருவத்தில் இதுவரை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 22 முறை எறிந்து 9 போட்டிருக்கிறார். எதிரணியின் தவறுக்காகத் தடுப்பவர் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் 74க்கு 58. அப்படியிருந்தும் பயிற்சியாளர் அவரை வெளியே நின்று எறிய விடுவதில்லை. வர்ணனையாளர்களும் அவரை வளையத்தடி ஆள் என்றே பேசுகிறார்கள். வெளியிலிருந்து எறிவதில் அவருக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று அறைத்தோழர்களிடம் வாதாடி வருகிறேன். நான் சொல்வது சரியா? எதை வைத்துச் சரிபார்ப்பது?"

உங்கள் வழக்கு பலமானதுதான். ஆனால் தவறான சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். நீங்கள் முதலில் சொன்ன 9ஐ விட, போகிற போக்கில் சொன்ன அந்த 58தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

22க்கு 9 என்றால் 41 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவற்றில் இரண்டு பந்துகள் விளிம்பில் சுற்றி வெளியே விழுந்திருந்தால் 32 சதவீதம் ஆகியிருக்கும், இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. கணக்குப் போட்டே பார்க்கலாம். உண்மையான திறன் 30 சதவீதம் மட்டுமே உள்ள நூறு பேரை அழைத்து, ஆளுக்கு 22 பந்து கொடுங்கள். அவர்களில் 18, 19 பேர் அதிர்ஷ்டத்திலேயே 9 அல்லது அதற்கு மேல் போட்டுவிடுவார்கள். உங்கள் சென்டர் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரா, உண்மையிலேயே கை உள்ளவரா என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

டியூக் பல்கலைக்கழகத்தின் வெண்டல் கார்ட்டர் ஜூனியர் 2017-18 பருவத்தில் 46க்கு 19 போட்டார். அதுவும் ஏறக்குறைய உங்கள் ஆளின் அதே 41 சதவீதம், எறிந்ததோ இரண்டு மடங்கு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போன முதல் இரண்டு ஆண்டுகளில் அவரது எண் 20 சதவீதத்தை ஒட்டியே கிடந்தது. பின்னால் ஆர்லாண்டோ அணியில் ஓரளவு தேறினார் என்றாலும், கல்லூரியில் பார்த்த 41 திரும்ப வரவில்லை.

இதற்கு நேர் எதிரான ஆளைப் பார்க்க நீங்கள் மாநிலத்தைத் தாண்டவே வேண்டாம். பத்துப் பருவங்கள் என்பிஏ அணியான இண்டியானா பேசர்ஸுக்கு ஆடிய மைல்ஸ் டர்னர், 2014-15இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 62 எறிந்து 17தான் போட்டார். வெறும் 27 சதவீதம். ஆனால் ஃப்ரீ த்ரோவில் 84. அந்த இரண்டாவது எண்ணைப் படித்தவர்களுக்குப் பின்னாளில் வியப்பு ஏதும் இருந்திருக்காது: 2018-19 பருவத்தில் அவர் வெளியிலிருந்து 39 சதவீதத்தைத் தொட்டார்.

அதே 2014-15இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கார்ல்-அந்தோணி டவுன்ஸ் ஒரு பருவம் முழுக்க எறிந்த மூன்று புள்ளிப் பந்துகள் எட்டு, விழுந்தவை இரண்டு. கை இல்லாததால் அல்ல. அந்த அணியில் உயரமானவர்கள் வரிசைகட்டி நின்றார்கள். ஐந்து ஐந்து பேராக மாற்றி மாற்றி இறக்கினார்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை உள்ளே நிற்பது. ஃப்ரீ த்ரோவில் அவர் 81 சதவீதம். 2022இல் என்பிஏ மூன்று புள்ளிப் போட்டியில் கோப்பையைத் தூக்கியவரும் அவரே. 38 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை என்று வந்த அந்தக் கென்டக்கியைத் தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் வீட்டுக்கு அனுப்பியது விஸ்கான்சின். அந்த அணியின் ஏழடிச் சென்டர் ஃபிராங்க் கமின்ஸ்கி, வெளியிலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தவர்! இதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஃப்ரீ த்ரோவை நம்புவதற்குக் காரணம் எளியது. 15 அடி தூரம், முன்னால் கை நீட்டுபவர் இல்லை, அவசரம் இல்லை, பாஸ் நன்றாக வந்ததா என்ற கேள்வி இல்லை. மணிக்கட்டும் முழங்கையும் என்ன செய்கின்றன என்பது மட்டும் அங்கே பதிவாகிறது. உயரமானவர்கள் வெளியிலிருந்து எறிவதைவிடப் பல மடங்கு அதிகமாக அங்கே நிற்பார்கள், ஆகவே எண்ணிக்கையும் கூடுதல். என் சொந்த அளவுகோல் இது: 65க்குக் கீழே என்றால் நான் நம்பிக்கை வைப்பதில்லை; 75ஐத் தாண்டினால் உட்கார்ந்து பார்ப்பேன். உங்கள் ஆள் 78.

இதுவும் வேதவாக்கு அல்ல. அந்தோணி டேவிஸ் என்பிஏவில் ஃப்ரீ த்ரோவை 80 சதவீதத்தை ஒட்டிப் போடுகிறார். ஆனால் மூன்று புள்ளியில் 30ஐச் சுற்றியே நிற்கிறார். 15 அடியில் இருக்கும் கை, கோட்டுக்கு வெளியே போனதும் கால்பலத்தையும் துணைக்குக் கேட்கிறது. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தூரத்தைப் பற்றி இன்னொன்று, உங்களுக்குச் சாதகமானது. ஆண்கள் கல்லூரிக் கோடு 2008 முதல் 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 2019-20 பருவத்தில் 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளப்பட்டது. நான் மேலே சொன்ன கல்லூரி எண்கள் எல்லாம் பழைய கோட்டில் வந்தவை. உங்கள் சென்டரின் 9 அதைவிட ஓர் அடிக்கு மேல் தள்ளியிருந்து விழுந்தவை.

எண்களை மூடி வைத்துவிட்டு ஆட்டப் பதிவைப் போடுங்கள். ஐந்து ஆட்டங்கள் போதும். அவர் எறிந்த ஒவ்வொரு பந்தையும் நிறுத்திப் பாருங்கள். ஆனால் பந்தைப் பார்க்காதீர்கள். முதலில் எதிரணிச் சென்டர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வழக்கமான காட்சி இது: உங்கள் ஆள் பந்து வைத்திருக்கும் கார்டுக்கு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்) ஸ்கிரீன் போடுகிறார், அதாவது அவரைத் துரத்தும் எதிரியின் வழியை மறித்து நிற்கிறார். கார்டு அதை உரசிக்கொண்டு வளையத்தை நோக்கிப் பாய்கிறார். எதிரணிச் சென்டர் வளையத்தைக் காக்கப் பின்வாங்குகிறார். உங்கள் ஆள் கோட்டுக்கு வெளியே நழுவுகிறார், பந்து அவர் கைக்கு வருகிறது. அந்த நொடியில் அவருக்கும் எதிரிக்கும் இடையே பத்தடி வெற்றிடம் இருந்தால், எதிரணி அவரை எறியச் சொல்லி அழைக்கிறது என்று பொருள். அந்த ஒன்பதும் இப்படி அழைத்துக் கொடுத்தவையா, ஒருவர் கையை உயர்த்தி ஓடி வரும்போதே போட்டவையா? அடித்த இடத்தையும் எதிரியின் தூரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்து, பந்து கைக்கு வந்ததற்கும் கையை விட்டதற்கும் இடைப்பட்ட நேரம். இங்கேதான் உயரமானவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பாஸை மார்புக்கு நேரே பிடித்து, இடுப்புவரை இறக்கி, முழங்காலை மடக்கி, ஒரு முறை வளையத்தை நிமிர்ந்து பார்த்து, பிறகு ஏற்றுவார்கள். இத்தனைக்கும் சேர்த்து ஒரு நொடிக்கு மேல் போய்விடும். பந்து வருவதற்கு முன்பே கால்கள் தோள் அகலத்தில் நின்று, முழங்கால் மடிந்து காத்திருந்தால், அவர் இதற்காகத் தனியே பயிற்சி எடுத்திருக்கிறார் என்று அடித்துச் சொல்லலாம். தவறியவை எங்கே தவறின என்பதும் முக்கியம். விளிம்பின் முன்புறமோ பின்புறமோ பட்டு நேராக வந்தால் தூரக் கணக்கு மட்டும் பிசகியிருக்கிறது, சரிசெய்துவிடலாம். இடமும் வலமுமாகச் சிதறினால் முழங்கையில் கோளாறு.

பயிற்சியாளரைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் சென்டர் வளையத்தடியில் 65 சதவீதம் போடுபவர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போட்டால் இரண்டு புள்ளி, ஆகவே நூறு வாய்ப்பில் 130 புள்ளி. வெளியிலிருந்து 36 சதவீதம் என்றால் நூறு வாய்ப்பில் 108. போதாக்குறைக்கு, அவர் வெளியே நின்றால் தவறிய பந்துக்கு எட்டிப் பாய உள்ளே ஆள் இல்லை. நல்ல எறிவீரரா என்பது ஒரு கேள்வி, அதிகம் எறிய வேண்டுமா என்பது வேறு கேள்வி. உங்கள் அறையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பயிற்சியாளர் கோட்டைவிடக்கூடிய இடமும் ஒன்று உண்டு. சென்டர் வெளியே நிற்பதன் பலன் அவருடைய கணக்கில் மட்டும் வராது. எதிரணிச் சென்டர் அவரைத் தேடி வெளியே வந்தால், வளையத்தடி காலியாகி உங்கள் கார்டுகள் ஓடிப்போய், வளையத்தை ஒட்டி எளிதாக ஏற்றும் லே-அப் போடுவார்கள். சென்டர் புரூக் லோபஸ் என்பிஏவில் தன் முதல் எட்டுப் பருவங்களில் போட்ட மூன்று புள்ளிப் பந்துகள் மொத்தம் மூன்றே மூன்று. 2016-17இல் அவர் ஆடிய புரூக்ளின் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். லோபஸ் அந்த ஒரே பருவத்தில் 134 போட்டார். அப்போது அவருக்கு வயது 28. அதற்கு முன்பே அவர் ஃப்ரீ த்ரோவில் 80ஐ ஒட்டிப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே அறைத்தோழர்களிடம் 41 சதவீதத்தை இனிச் சொல்லாதீர்கள். சோதித்துப் பார்க்கப்படாதவர் என்று சொல்லுங்கள். என் கணிப்பைக் கேட்டால் 34, 35 சதவீதம் போடக்கூடியவர் என்பேன். ஒரு சென்டருக்கு அது தாராளம். பயிற்சியாளர் ஆட்டத்துக்கு மூன்று முறை எறிய விட்டால் பருவ முடிவில் கையில் நூறு எறிதல்கள் இருக்கும். அப்போது இந்தக் கணிப்பை எடுத்துப் பார்க்கலாம். அதுவரை எதிரணிச் சென்டர்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறார்கள் என்று மட்டும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறித்து வாருங்கள். அந்தப் பத்தடி ஆறடியாகச் சுருங்கினால், எதிரணிப் பயிற்சியாளர்கள் உங்கள் கட்சிக்கு மாறிவிட்டார்கள்.