மாதக் கணக்கு முடிந்த பிறகும் தீராத சோர்வு

கேள்வி: கணக்குத் துறையில் வேலை பார்க்கிறேன், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். எந்நேரமும் சோர்வாக இருக்கிறது. இது சாதாரணக் களைப்பா, பர்ன்அவுட்டா (வேலை அழுத்தத்தால் உள்ளுக்குள் வற்றிப்போவதா)? எப்படிக் கண்டுகொள்வது, எப்படித் தடுப்பது? வேலையையே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

நானும் கணக்குத் துறைதான், நானும் தாய்தான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் களைத்துப் போகாதவர் நம் தொழிலில் யாரும் இல்லை. ஆகவே அந்த வாரத்தை வைத்து உங்களை எடைபோடாதீர்கள். அதற்கடுத்த வாரத்தைப் பாருங்கள். இரண்டு இரவு நன்றாகத் தூங்கி, ஒரு விடுமுறை நாளைப் பிள்ளைகளோடு கழித்ததும் மனம் தெளிந்துவிட்டால் அது களைப்பு. அந்த வாரமும் அதே பாரம் நெஞ்சில் இருக்கிறது, அடுத்த மாத இறுதியை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றால் அது களைப்பைத் தாண்டிவிட்டது.

இதை நாம் தாமதமாகக் கண்டுகொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் வேலையில் எப்போதும் ஒரு கெடு தேதி உண்டு. மாத இறுதி முடியட்டும், காலாண்டு முடியட்டும், தணிக்கையாளர்கள் கிளம்பட்டும், வரித் தாக்கல் முடியட்டும் என்று நமக்கு நாமே வாய்தா வாங்கிக்கொண்டே போகிறோம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கிறது. இடையில் ஓய்வுக்கென்று ஒதுக்கிய நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது.

1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் பர்ன்அவுட்டைப் பற்றி எழுதினார். அதை அளப்பதற்கான கேள்வித்தாளை 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது மூன்றை: உணர்வு வற்றிப்போதல், மனிதர்கள் மீதிருந்த ஒட்டுதல் அறுந்துபோதல், எதைச் செய்தாலும் செய்த நிறைவு வராமல் போதல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இதை நோய்களின் வரிசையில் வைக்கவில்லை. சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்றே வரையறுக்கிறது. பணியிடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். 'எனக்குத்தான் திறமை போதவில்லை' என்று நினைத்து உள்ளுக்குள் குமைகிற பெண்கள் இந்த வரையறையை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

அந்த மூன்றும் நம் மேசையில் எப்படி வெளிப்படும் என்பதைச் சொல்கிறேன். இருப்பாய்வில், அதாவது எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பட்டியலில், 270 வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவர் உடனே அதை 9ஆல் வகுத்துப் பார்ப்பார்; மீதியின்றி வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 630க்குப் பதில் 360 என்று பதிந்திருக்கலாம் என்று தேடத் தொடங்குவார். இது யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்வது. அந்தக் கை ஓய்ந்துபோவதுதான் நான் கவனிக்கும் முதல் அறிகுறி. அதே பக்கத்தை நான்கு முறை படித்தும் எண் மனதில் நிற்காது. கடைசியில் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு) தள்ளிவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று மூடிவிடத் தோன்றும். எப்போதாவது ஒருமுறை என்றால் பரவாயில்லை. மாதா மாதம் அனாமத்துக் கணக்கின் இருப்பு வளர்கிறது, அதைப் பற்றி உங்களுக்குக் கவலைகூட வரவில்லை என்றால் அது சோம்பல் ஆகாது. உங்களிடம் சக்தி மீதமில்லை என்று பேரேடு சொல்கிறது.

இரண்டாவது அறிகுறி பேச்சில் வரும். வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்க வரும் இளையவரைப் பார்த்ததும் எரிச்சல். மூன்றாவது, கணக்கின் இரு பக்கமும் பொருந்தியபோது வழக்கமாக வருமே ஒரு சின்ன மகிழ்ச்சி, அது வராமலே போவது.

வீட்டிலும் இதற்கு ஓர் இணை இருக்கிறது. பெல்ஜியத்தில் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலைசாக் என்ற ஆய்வாளர்கள் பெற்றோருக்கு வரும் பர்ன்அவுட்டைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று பிள்ளைகளிடமிருந்து மனத்தளவில் விலகிப்போவது. குளிப்பாட்டுவது, வீட்டுப்பாடம் பார்ப்பது எல்லாம் நடக்கும். ஆனால் குழந்தை பள்ளியில் நடந்த சண்டையைச் சொல்லி முடிக்கும்போது யார் யாரை அடித்தார்கள் என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாசம் குறைந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். பாசம் இருக்கிறது, அதைக் காட்டுவதற்கான தெம்புதான் இல்லை.

இனி தடுப்பது பற்றி. மூச்சுப் பயிற்சி, நடை, தனக்கென்று அரை மணி நேரம் என்றெல்லாம் சொல்வார்கள். நல்லவைதான், செய்யுங்கள். ஆனால் வேலையின் அளவு மாறாமல் இவற்றை மட்டும் செய்யச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்கு முடிக்கும் அட்டவணையில்தான் முதலில் கை வைக்க வேண்டும். கடைசி மூன்று நாளில் குவியும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, எதை முன்னாலேயே முடிக்கலாம் என்று பாருங்கள். வங்கிச் சரிக்கட்டலை, அதாவது வங்கி அறிக்கையை நம் பதிவுகளோடு ஒப்பிடுவதை, வாரம் ஒருமுறை செய்யலாம். தேய்மானம், முன்கூட்டிச் செலுத்திய செலவுகள் போன்ற மாதந்தோறும் மாறாத பதிவுகளை மென்பொருளே தானாகப் போடும்படி அமைக்கலாம். எந்தத் தொகைக்குக் கீழான வித்தியாசத்தைத் துரத்த வேண்டாம் என்பதை மேலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அற்பத் தொகை ஒன்றைத் தேடி இரவு பத்து மணிவரை உட்கார்வதில் நிறுவனத்துக்கும் லாபமில்லை, உங்கள் பிள்ளைகளுக்கும் லாபமில்லை.

அடுத்தது, உங்கள் வேலை ஒவ்வொன்றும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எக்செல் கோப்பு உங்களுக்கு மட்டும்தான் புரியும் என்றால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத அன்றும் அலுவலகம் உங்களைத்தான் அழைக்கும். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஒருவர் கையிலேயே எல்லாம் இருக்கக் கூடாது என்பது உள் கட்டுப்பாட்டின் (தவறுகளையும் முறைகேடுகளையும் தடுக்க நிறுவனம் வைத்திருக்கும் ஏற்பாடு) அடிப்படை விதி. பல வங்கிகள் ஊழியர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்புவதே, அவர்கள் இல்லாத நாட்களில் முறைகேடுகள் வெளிப்படும் என்பதற்காகத்தான். மேலாளரிடம் இந்த வாதத்தை வையுங்கள். கூடவே கடந்த சில மாதங்களில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்ற பட்டியலையும் வையுங்கள். 'கஷ்டமாக இருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டு அனுதாபப்பட்டு மறந்துவிடுபவர்கள்கூட எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 'சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு மீதியை முடியுங்கள்' என்பதைச் சலுகையாகச் சொல்வார்கள். அது உங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துத் தருகிற சலுகை. குறைந்த நேர வேலைக்கு மாறும்போதும் அப்படித்தான். எந்தெந்த வேலை உங்களிடமிருந்து போகிறது என்று எழுதாமல் ஒப்புக்கொண்டால், சம்பளம் குறையும், வேலை குறையாது.

முடியாத வேலை மனதோடு வீட்டுக்கு வந்துவிடுவதைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைத்தான் ஆராய்ந்தார். எழுந்து கிளம்பும் முன், எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வைத்துவிடுங்கள். 'சப்ளையர் கணக்கு 14ஆம் தேதி வரை சரி. அடுத்து திருப்பி அனுப்பிய சரக்கு' என்ற அளவு போதும். மனம் அதைச் சுமப்பதை விட்டுவிடும்.

வீட்டில் வேலையைப் பிரிக்கும்போது நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்துப் பிரியுங்கள். தடுப்பூசிக்குக் கணவர் அழைத்துப் போகிறார், ஆனால் தேதியை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும் என்றால் பாதி வேலை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. தேதி, அட்டை, மருத்துவரின் எண் எல்லாமே அவரிடம் போகட்டும். அவர் உங்களைப் போலச் செய்யமாட்டார், செய்யட்டும், திருத்தாதீர்கள்.

மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு நோய் மூன்றும் இதே முகத்தோடு வரக்கூடியவை. பிரசவமாகி ஓராண்டு ஆகவில்லை என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே நெருங்கியவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்; எந்தக் கணக்கும் அதற்குக் காத்திருக்கலாம்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கணக்கு முடிக்கும் வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் மடிக்கணினியைத் தொடாமல் ஒரு விடுப்பு எடுங்கள், பிறகு மேலே சொன்ன மாற்றங்களைக் கேளுங்கள். இரண்டு மூன்று மாத முடிவுகள் கடந்தும் எதுவும் அசையவில்லை என்றால் தயங்காமல் வேறு இடம் தேடுங்கள். நேர்காணலில் அவர்களிடம் நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதக் கணக்கை எத்தனை வேலை நாளில் முடிக்கிறீர்கள், அந்த நாட்களில் ஒருவர் விடுப்பில் போனால் அவர் வேலையை யார் செய்வார்? இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரோ பதவியோ பதிலாக வரவில்லை என்றால் அந்த இடமும் வேண்டாம்.