அமெரிக்கக் கால்பந்தில் டிஃபென்சிவ் லைன்மேனின் மதிப்பை எப்படிக் கணிப்பது?

ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வரும்போதும் எதிரணியின் தடுப்பு வரிசையோடு முதலில் மோதும் தற்காப்பு வீரர்கள்தான் டிஃபென்சிவ் லைன்மேன்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர். எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் அவரை வீழ்த்தினால் அது 'சாக்'. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் இதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-இல். எல்லோரும் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆனால் இதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுவது பெரிய அநியாயம்.

இந்த லைன்மேன்களில் நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிளைப் பாருங்கள். எதிரணித் தடுப்பு வரிசையின் நடுவிலிருக்கும் சென்டரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டும் சேர்ந்து நோஸ் டேக்கிளை அமுக்குகிறார்கள். அவர் இடுப்பைத் தாழ்த்திக் காலை ஊன்றி அசையாமல் நின்றாலே போதும்; பின்னாலிருக்கும் சக தற்காப்பு வீரரான லைன்பேக்கரைத் தடுக்க எதிரணியில் ஆள் மிஞ்சாது. லைன்பேக்கர் பாய்ந்து வந்து பந்தோடு ஓடுபவரை மடக்குவார், வீழ்த்தியதற்கான 'டேக்கிள்' எண்ணிக்கையும் அந்த லைன்பேக்கர் கணக்கில் ஏறும். கிரிக்கெட்டில் ஒருவர் ரன் கொடுக்காமல் இறுக்க, மறுமுனைப் பந்துவீச்சாளருக்கு விக்கெட் விழுமே, அதேதான்.

அதனால் இருவர் சேர்ந்து தடுக்கும் இரட்டைத் தடுப்பை ஒரு லைன்மேன் எத்தனை முறை தன்மேல் இழுத்தார், குவார்ட்டர்பேக்கை எத்தனை முறை அவசரப்படுத்தினார் என்றும் பாருங்கள்.

உடல் பெருத்திருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் தன் இடத்துக்கு உடலில் சிறியவர் எனப்பட்ட டிஃபென்சிவ் லைன்மேன் ஆரன் டொனால்ட், என்எஃப்எல்லில் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை 3 முறை வென்றிருக்கிறார்.