மறுபடி விண்ணப்பியுங்கள், ஆனால் இந்த ஜூனில் வேண்டாம்

கேள்வி: எனக்கு 25 வயது. பதிமூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தேன். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறோம், குடியுரிமையும் வந்துவிட்டது. பயாலஜியில் பட்டம் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாலுக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 3.14. இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தது. அந்த ஆண்டுதான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி-மைனஸ், ஃபிசிக்ஸில் சி. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை இரண்டு முறை எழுதினேன்: 499, 501. போன ஆண்டு 12 மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். ஓர் இடத்திலிருந்துகூட இன்டர்வியூவுக்கு அழைப்பு வரவில்லை. இப்போது ஒரு கிளினிக்கில், டாக்டருக்காகக் குறிப்பெழுதும் ஸ்க்ரைபாக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் ஓர் இலவச கிளினிக்கில் வயதான தமிழர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன். மார்ச்சில் எம்கேட்டை மறுபடி எழுதிவிட்டு ஜூனில் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். அம்மா கரீபியன் தீவுகளுக்குப் போய் மருத்துவம் படிக்கச் சொல்கிறார். மாமா, "போதும், வேற வேலையைப் பாரு" என்கிறார். நான் என்ன செய்யட்டும்? என் மதிப்பெண் விவரம், ஏன் மருத்துவம் என்று விண்ணப்பத்தோடு எழுதிய பெர்சனல் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி விண்ணப்பியுங்கள். ஆனால் வரும் ஜூனில் வேண்டாம், அதற்கு அடுத்த ஜூனில். இன்னும் ஓர் ஆண்டா என்று மனசு சோர்ந்துபோகும், தெரியும். ஆனால் ஆறு மாதத்தில் நீங்கள் அனுப்பப்போவது போன ஆண்டு திரும்பி வந்த அதே விண்ணப்பமாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை விண்ணப்பிப்பவரிடம் பல கல்லூரிகள் நேராகவே கேட்கும் கேள்வி, "போன முறைக்கு அப்புறம் என்ன மாறியிருக்கிறது?" என்பது. இன்றைக்கு உங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

நிலவரம் இதுதான். ஆண்டுதோறும், இங்கே மருத்துவர் பட்டமான எம்.டி. தரும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் சுமார் 23,000 பேர். சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும், எம்கேட் 512-ஐ ஒட்டியும் நிற்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் ஜிபிஏயையும் எம்கேட்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, எந்தக் கட்டத்தில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று ஏ-23 என்னும் அட்டவணையாக வெளியிடுகிறது. அதை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உங்கள் கட்டத்தில் இருக்கும் எண் சிறியதுதான். பூஜ்யம் இல்லை. அதோடு, அந்தக் கட்டத்திலிருந்து நீங்கள் நகர முடியும்.

எப்படி நகர்வது என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இன்னும் ஓர் ஆண்டு படித்து ஜிபிஏயைத் தூக்கிவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். போட்டுப் பார்ப்போம். 120 கிரெடிட்டுக்கு (பாடங்களின் அளவைச் சொல்லும் அலகு) 3.14 என்பது உங்கள் கையிலிருக்கிறது. இன்னும் 30 கிரெடிட் படித்து, ஒன்றுவிடாமல் ஏ வாங்கினாலும் மொத்த ஜிபிஏ 3.31-க்குத்தான் வரும். ஓர் ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். சராசரியை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்தில் மதிப்பெண்கள் ஓர் அட்டவணையாக வரும். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு என்று வரிசைகள். அறிவியலும் கணிதமும் ஒரு பத்தி, மற்ற பாடங்கள் இன்னொரு பத்தி, மொத்தம் ஒரு பத்தி. நான்கு ஆண்டுகளுக்குக் கீழே, பட்டம் முடித்த பிறகு படித்த பாடங்களுக்கென்றே தனியாக ஒரு வரிசை உண்டு. என் கண் முதலில் அந்த வரிசைக்குத்தான் போகும். உங்கள் வரிசைகள்: 3.20, 2.60, 3.30, 3.46. சரிந்து, பிறகு ஏறியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் நான்காம் ஆண்டில் ஏறியது பெரும்பாலும் சைக்காலஜி, சோஷியாலஜி பாடங்களில். அறிவியல் பத்தி இன்னும் 2.9-இல் நிற்கிறது. கீழ் வரிசை காலி. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத ஆண்டு போக, இந்தப் பெண்ணால் கடினமான அறிவியலைப் படிக்க முடியுமா?" என்று கேட்பவருக்கு உங்கள் அட்டவணை எந்தச் சாட்சியும் சொல்லவில்லை.

அந்தக் காலி வரிசையை நிரப்புங்கள். 30 கிரெடிட், எல்லாம் அறிவியல், 3.8-க்குக் குறையாமல். மொத்த ஜிபிஏ 3.3-ஐ ஒட்டியேதான் நிற்கும், பரவாயில்லை. கடைசியாகப் படித்த 30 கிரெடிட் எப்படி இருக்கிறது என்பதைத் தனியாக எடுத்துப் பேசுகிற குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பெரிய பெயர்கொண்ட திட்டம் எதுவும் வேண்டாம். பக்கத்திலிருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குச் சேராமல் பாடம் மட்டும் எடுக்க முடியும். பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, செல் பயாலஜி, மைக்ரோபயாலஜி, ஜெனடிக்ஸ் என்று மேல்நிலைப் பாடங்களாகப் பாருங்கள். ஃபிசிக்ஸில் வாங்கிய சி-யைத் திரும்ப எழுத வேண்டாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மட்டும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் கட்டாயப் பாடங்களில் சி-க்குக் குறைந்ததைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. திரும்ப எழுதினால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆம்காஸ் இரண்டையுமே கணக்கில் எடுக்கும். ஆஸ்டியோபதி வழியில் மருத்துவர் பட்டம் தரும் டி.ஓ. கல்லூரிகளில் முன்பு புதிய மதிப்பெண் பழையதை மாற்றும். 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் எனப்படும் ஓராண்டு முதுகலைப் படிப்பைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செலவு அதிகம். முதுகலை மதிப்பெண் தனி வரிசையில் வரும், இளங்கலை ஜிபிஏயோடு சேராது. அங்கே சறுக்கினால் எழுவது ரொம்பக் கஷ்டம். இப்போதைக்கு அது உங்களுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் செமஸ்டரில் இரண்டே பாடம் எடுங்கள். ஸ்க்ரைப் வேலை நேரத்தைப் பாதியாக்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு படித்ததால்தான் இரண்டாவது எம்கேட்டில் இரண்டே மதிப்பெண் ஏறியது என்று நினைக்கிறேன்.

அந்த எம்கேட்டுக்கு வருகிறேன். மார்ச் தேர்வுக்குப் போகாதீர்கள். 472-இல் தொடங்கி 528-இல் முடியும் அளவுகோலில் 500 நடுப்புள்ளி. நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். அதைவிட முக்கியம், எழுதிய எல்லா மதிப்பெண்களும் கல்லூரிகளின் கண்ணில் படும். 499, 501, 502 என்று மூன்று இருந்தால் மூன்றாவது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். பயோகெமிஸ்ட்ரியும் ஃபிசியாலஜியும் முடித்த பிறகு, மருத்துவக் கல்லூரிகள் சங்கமே வெளியிடும் முழுநீள மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதுங்கள். தொடர்ந்து மூன்றில் 509, 510 வந்த பிறகு பணம் கட்டுங்கள். உங்கள் இரண்டு தேர்விலும், வாசித்துப் புரிந்துகொள்வதைச் சோதிக்கும் கார்ஸ் பகுதியில் 123-தான். அது ஒரு மாதத்தில் ஏறுகிற பகுதி இல்லை, இன்றிலிருந்தே தினம் ஒரு பத்தி படித்து விடை எழுதிப் பழகுங்கள்.

போன ஆண்டு நடந்த இரண்டு தவறுகளைச் சொல்லியே ஆக வேண்டும். விண்ணப்பத்தை அக்டோபரில் அனுப்பியிருக்கிறீர்கள். கடைசித் தேதிக்கு முன்புதான், ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பங்கள் வரவர இன்டர்வியூ கொடுத்துக்கொண்டே போகும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அனுப்புகிறவர்களின் விண்ணப்பம் ஜூன் கடைசியிலேயே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உங்களுடையதைப் பிரிக்கும்போது பாதி நாற்காலி நிரம்பியிருக்கும். அடுத்தது கல்லூரிப் பட்டியல். சித்தி ஹூஸ்டனில் இருக்கிறார் என்று டெக்சாஸ் கல்லூரிகள் மூன்றைப் போட்டிருக்கிறீர்கள். அங்கே அரசுக் கல்லூரிகளில் குறைந்தது 90 சதவீத இடங்கள் அந்த மாநிலத்தவருக்கே போக வேண்டும். உங்கள் மாநிலக் கல்லூரிகளில் இரண்டு உங்கள் பட்டியலிலேயே இல்லை! இந்த முறை அவற்றை முதலில் எழுதுங்கள். டி.ஓ. கல்லூரிகளையும் சேருங்கள். டி.ஓ. என்றால் இரண்டாம் தரம் என்கிற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது, அது தவறு. அவர்களும் முழு மருத்துவர்கள்தான். 2020 முதல் எம்.டி., டி.ஓ. இருவரும் மாணவர்களுக்குப் பயிற்சி இடம் ஒதுக்கும் ஒரே மேட்ச் வழியாகத்தான், பட்டத்துக்குப் பிறகான ரெசிடென்சி பயிற்சிக்குப் போகிறார்கள். டி.ஓ. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி மதிப்பெண்ணும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

உங்கள் பெர்சனல் ஸ்டேட்மென்டை இரண்டு முறை படித்தேன். 5,300 எழுத்துகளுக்கு இடம் தருகிறார்கள்; பாதிக்கு மேல் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கே போய்விட்டது. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் படிப்பவருக்கு அது மதிப்பெண்ணுக்குச் சொல்லும் சமாதானமாகவே தோன்றும். பொது விண்ணப்பத்துக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி விண்ணப்பங்களில் அதற்கென்று கேள்வி வரும்போது நாலு வரியில் சொன்னால் போதும்.

இலவச கிளினிக்கைப் பற்றி ஸ்டேட்மென்டில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் எனக்கு எழுதிய மடலின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குதும்மா" என்றாராம். கூட வந்த பேரன் நெஞ்சுவலி என்று ஆங்கிலத்தில் சொல்ல, அறையே பரபரப்பானது. நீங்கள் பாட்டி சொன்ன சொல்லை அப்படியே டாக்டரிடம் சொல்லி, எரிச்சலுக்கும் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள் என்று விளக்கினீர்கள். சாப்பிட்ட பிறகா, படுத்தால் அதிகமாகிறதா என்று டாக்டர் கேட்கத் தொடங்கினார். ஈசிஜியும் எடுத்தார், எடுத்ததும் சரிதான், அந்த வயதில் எரிச்சல் என்று விட்டுவிடக் கூடாது. அன்று வீட்டுக்குப் போய் உணவுக்குழாயும் இதயமும் ஒரே இடத்தில் வலியைக் காட்டுவது ஏன் என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, உங்கள் ஸ்டேட்மென்ட் இதுதான். இதைப் படித்தால் உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கரீபியனில் சேர்வது எளிது, ரெசிடென்சி கிடைப்பதுதான் கடினம். இங்கே எம்.டி. முடிக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மேட்ச் ஆகிறார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் அமெரிக்கக் குடிமக்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கிடைப்பதில்லை. பெரிய கடனோடு அந்த மூன்றில் ஒருவராக நிற்பது சின்ன விஷயமில்லை. அது கடைசி வழியாக இருக்கட்டும். இரண்டாவது, வயது. மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களின் சராசரி வயதே 24. நீங்கள் 27-இலோ 28-இலோ சேர்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மாமா சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. முதல் 15 கிரெடிட் முடிந்ததும் உட்கார்ந்து பாருங்கள். வேலையைக் குறைத்து, நன்றாகத் தூங்கி, முழு மனதோடு படித்தும் பி, பி-மைனஸ் என்றே வந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். மருத்துவத்துக்குள்ளேயே நர்சிங், பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று நல்ல வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி அப்போது பேசலாம். ஏ வந்தால் மேலே போங்கள்.

இந்த வாரம் இரண்டு வேலை. உங்களை நிராகரித்த 12 கல்லூரிகளுக்கும் எழுதி, விண்ணப்பத்தில் எது குறை என்று சொல்ல முடியுமா எனக் கேளுங்கள்; எல்லாரும் சொல்ல மாட்டார்கள், சிலர் சொல்வார்கள். அப்புறம், ஜனவரி செமஸ்டருக்கு பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதம் மதிப்பெண் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.